சிகாகோ குளிருக்கு ஒரு பான்சோ

மகளுக்காக ஞானாம்பாள் குரோஷா ஊசியால் பின்னிய கம்பளிப் பான்சோவின் கழுத்துப் பகுதியை, பத்ரிநாராயணன் பரபரவென்று பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நேத்துதானே முடிச்சேன்! பிரிக்காதீங்கோ!"

"வாசல்ல உக்காந்து, சிகாகோவுக்குன்னு கீழ்க்கட்டளை முழுக்கக் காட்டிண்டு பின்னினியே, அப்ப யோசிச்சிருக்கணும்."

அழைப்புமணி அடித்தது. எதிர்வீட்டு ஜெயப்ரியா.

"மாமி, சொன்னபடி இன்னிக்கு சிகாகோ கிளம்பறேன். மிருதுளாவோட பான்சோ ரெடியா? நானே நேர்ல போய்க் குடுத்துடறேன்."

"கழுத்து இன்னும் முடியலை" என்றார் பத்ரிநாராயணன் விறைப்பாக.

"அவ்வளவுதானே அங்கிள்? வெயிட் பண்றேன். அங்க மார்ச்லயும் பனி கொட்டுதாம், பாவம்."

"வேண்டாம்மா. எங்க வீட்டுச் சுமையை யார் தலையிலயும் ஏத்தற பழக்கம் எங்களுக்கில்லை."

"லவ் மேரேஜ் பண்ணிண்டாள்னு இன்னுமா கோபம்? பெத்த பொண்ணு அங்கிள்!"

ஞானாம்பாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயப்ரியா முகம் வாடித் திரும்பிப் போனாள்.

கதவைத் தாழிட்ட பத்ரிநாராயணன் அதிலேயே சாய்ந்துகொண்டார்.

பின்னறைக் கதவு மெல்லத் திறந்தது. விவாகரத்தாகித் திரும்பிய நாளிலிருந்து தெருவையே பார்க்காத மிருதுளா, வியர்வையில் தொப்பலாக நனைந்து நின்றாள்.

"போயிட்டாளாப்பா? இப்ப ஃபேன் போட்டுக்கலாமா?"