சுவாஹிலி, பெலாருசியன், அப்பா

மறுபடியும் அதையே சொன்னார்.

அவள் கட்டுரையை மடியில் கவிழ்த்துவிட்டு அப்பாவின் வாயருகே குனிந்தாள். காலையிலிருந்து ஒரே வாக்கியம். சொல்லும்போது புருவம் நெரிகிறது. அசையக்கூடிய இடது கை போர்வையைப் பிடித்து இழுக்கிறது.

அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். துப்பினார். மின்விசிறியைக் குறைத்தாள். தலையணையை ஏற்றி வைத்தாள். கடைசியில் நர்ஸைக் கூப்பிட்டாள்.

"இந்தப் பாஷை எனக்குத் தெரியாதுக்கா. உங்க வீட்டு ஆளுங்க யாராச்சும் வந்தா கேளுங்க."

வீட்டு ஆள் அவள்தான்.

பக்கவாதம் அப்பாவின் தமிழை எடுத்துக்கொண்டுவிட்டது. சௌராஷ்டிரத்தை விட்டுவைத்திருக்கிறது. சிலருக்கு முதலில் பேசிய மொழி இப்படி மிஞ்சும் என்றார் டாக்டர். சந்தோஷப்படுங்கள் என்றும் சொன்னார்.

இதை அவளுக்கு டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. மொழியியல்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

மடியிலிருந்த கட்டுரை சுவாஹிலியையும் பெலாருசியனையும் பற்றியது. அடுத்த வாரம் சென்னையில் வாசிக்க வேண்டும். சுவாஹிலியைத் தாய்மொழி என்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பேசுபவர்கள் கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க. சந்தைக்கும் பேருந்துக்கும் சண்டைக்கும் அதுதான். பெலாருசியன் நேர் எதிர். தாய்மொழி எது என்று கேட்டால் அந்த நாட்டில் பாதிப் பேர் அதன் பெயரைச் சொல்வார்கள். வீட்டுக்குள் போய்ப் பெரும்பாலும் பேசுவது ரஷ்ய மொழி.

பேசாத மொழிக்குக் காட்டும் விசுவாசம் என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

எழுதும்போது நல்ல வரியாகத் தெரிந்தது. இப்போது கிழித்துப் போடலாம்போல் இருந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் அப்பா மதுரையிலிருந்து போன் செய்துவிடுவார்.

"மறக்காம சௌராஷ்டிரான்னு சொல்லும்மா. நம்ம எண்ணிக்கை குறைஞ்சிடக் கூடாது."

அதைத் தமிழில்தான் சொன்னார். அவளும் தமிழில் சரி என்றாள். கணக்கெடுக்க வந்தவரிடம் அப்படியே சொன்னாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பள்ளியில் அப்பா எழுந்து தமிழ் வாசித்தால் வகுப்பே சிரிக்குமாம். தன் பிள்ளை அந்தச் சிரிப்பைக் கேட்கக் கூடாது என்று அவள் பிறந்தபோதே முடிவு செய்துவிட்டார். அம்மாவும் அவரும் அவளிடம் தமிழ் மட்டும் பேசினார்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட மட்டும் சௌராஷ்டிரம்.

தண்ணீர், சோறு, வா, போ. அதற்கு மேல் அவளுக்கு வராது.

வகுப்பில் யாரும் அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. தமிழில் எப்போதும் அவள்தான் முதல் மதிப்பெண்.

மறுபடியும் சொன்னார். இந்த முறை கண் கலங்கியிருந்தது.

"தமிழ்ல சொல்லுங்கப்பா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இதுவே கடைசிப் பேச்சாகிவிடுமோ என்று பயம் வந்தது. எங்கோ வைத்த சாவியைப் பற்றி இருக்கலாம். செத்துப்போன அம்மாவைப் பற்றி இருக்கலாம். அவளைப் பற்றியே இருக்கலாம். பெற்ற அப்பா இத்தனை பாடுபட்டு ஒன்றைச் சொல்கிறார், மகள் மரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் முனிச்சாலையிலிருந்து சுலோசனா அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. பழக்கூடையைக் கீழே வைப்பதற்குள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அப்பாவின் முகம் தெளிந்தது. மளமளவென்று பேசினார். அத்தை பதில் சொன்னாள். இவள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த வாக்கியம் வந்தது. அது அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

அத்தை சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

"என்ன அத்தை? காலையிலிருந்து அதைத்தான் சொல்லிட்டிருக்கார். என்ன வேணுமாம்?"

"ஒண்ணுமில்லடி. ஏதோ நெனப்புல பேசுறார். விடு."

"சொல்லுங்க அத்தை."

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்னை அடையாளம் தெரியலடி அவருக்கு. மூஞ்சியப் பாத்தா நம்மாளுக வீட்டுப் பொண்ணா இருக்கு, பேசினா முழிக்குது, பாவம்ங்கிறார்."

"அதைத்தான் காலையிலிருந்து சொல்றாரா?"

"அது இல்ல." அத்தை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "புள்ளைக்கு நம்ம பாஷையக்கூடக் குடுக்காம வளத்திருக்கானே, இவளைப் பெத்தவன் எவன்னு கேக்குறார்."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இரக்கம்தான் இருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. கொடுக்காதவர் நீங்கள்தானே என்று கத்திக் கேட்கலாம். தமிழில் கேட்க வேண்டும். அவருக்குப் புரியாது.

"அத்தை, அவர்ட்ட ஒண்ணு சொல்லுங்க."

"என்னடி?"

"எங்கப்பா ரொம்ப நல்லவருன்னு சொல்லுங்க."

அத்தை சொன்னாள். பாதியில் குரல் உடைந்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

அப்பா முழுவதையும் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

அத்தை பழங்களை எடுத்து மேசையில் அடுக்க ஆரம்பித்தாள்.

அவர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.