திட்டு வாங்கிய நாவல்

ராயபுரத்துக் கிளை நூலகத்தில் கோதண்டத்தைக் கேட்காமல் யாரும் புத்தகம் எடுப்பதில்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர், ஓய்வுக்குப் பிறகு நூல்களை வாயாலேயே தூக்கித் தூக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று அவர் கொண்டுவந்து மேசையில் வைத்த நாவலை, காசிமேட்டு மீன் வியாபாரி மோகனப்ரியா ஆசையாகப் புரட்டினாள்.

"இது எப்படி நைனா?"

"அத்த இன்னாத்துக்குத் தொடுற? படகு கெளம்பவே நூறு பக்கம்! அதுக்குள்ள கடலே வத்திப்பூடும். எழுதினவனுக்கு வஞ்சிரத்துக்கும் வவ்வால் மீனுக்கும் வித்தியாசம் தெரியல. ஹீரோ அழுவுற அழுகையில தண்டையார்பேட்டையே முழுகிப்பூடும்!"

"அப்போ அந்தத் திமிங்கலக் கட்டுரை புக்கு?"

"அத்தப் படிச்சா திமிங்கலமே தற்கொலை பண்ணிக்கும்."

மோகனப்ரியா நாவலை வைத்துவிட்டு, பதிவேட்டில் ஏதோ கிறுக்கிவிட்டு நகர்ந்தாள். கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நூலகர் ஜஸீமாவிடம் குனிந்தார்.

"இன்னைக்குத் திருப்பணும். இன்னும் பதினாலு நாளைக்கு என் பேர்லயே போட்டுக்குடும்மா. ருசிச்சு ருசிச்சு படிச்சதுல நாப்பது பக்கம் பாக்கி கீது. அவன் கரை சேருவானான்னு தெரியாம சோறு எறங்கல."

ஜஸீமா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"வேற யாராச்சும் கேட்டா நீட்டிக்க முடியாதே, நைனா. மோகனப்ரியா இப்பத்தான் பேர் எழுதுனாங்க."

"நான்தான் காறித் துப்புனேனே!"

"அதான் எழுதுனேன்," என்று நாவலை எடுத்துக் கூடையில் போட்டாள் மோகனப்ரியா. "ஒரு வருஷமா நீ திட்டுறதத்தான் தேடித் தேடிப் படிக்கிறேன் நைனா. இவ்ளோ பலமா நீ எதையும் திட்டுனதில்ல!"