கடைசிக் காட்சியில் பிழைத்தவள்

சேலத்து நாடக அரங்கில், பார்க்க வந்தவர்களின் மனநிலையை நாற்காலிகளே அளந்து மேலாளரின் கணினிக்குச் சொல்லிவிடும். காய்ச்சலில் இறந்துபோன தன் மகளைப் பற்றி நாவுக்கரசு நாடகம் எழுதி, தந்தையாகத் தானே நடித்தார். கடைசிக் காட்சி தொடங்கும்போது அவர் காதுக்கருவியில் மேலாளர் பேசினார்.

"சனங்களுக்குத் தாங்கலண்ணே, எந்திரிச்சுப் போயிருவாங்க. புள்ளயப் பொழைக்க வைங்க. இல்லன்னா திரையப் போட்டுருவேன்."

எழுதியிருந்தபடி, விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தந்தை காத்திருக்க, மகள் இறந்துபோக வேண்டும். நாவுக்கரசோ மகளாக நடித்த சிறுமியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவள் கண் திறந்தாள். அரங்கமே எழுந்து கைதட்டியது.

இனி தினமும் இதே முடிவுதான் என்றார் மேலாளர்.

முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த மனைவி செண்பகவல்லி, ஒப்பனை அறைக்கு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"ஏங்க, அன்னைக்கும் இப்பிடி ஓடியிருக்கலாமில்ல?"