சிவப்புக் கோடு

"இந்தம்மா வீட்டுக்காரர் பச்சையாப் பொய் சொல்லி, இந்த வண்டியை என் தலையில கட்டிட்டாருப்பா" என்றார் வக்கீல்.

மெக்கானிக்குக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. செத்து மூன்று மாதம்கூட ஆகாத மனிதரை, அவர் மனைவியை எதிரில் வைத்துக்கொண்டே இப்படியா பேசுவது?

ஷெட்டின் நடுவே சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. அதன் என்ஜின் மேஜைமேல் கிடந்தது. உள்ளே பிஸ்டனைத் தாங்கும் ராடு முறிந்து, பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சரிசெய்யும் செலவில் ஒரு சின்னக் கார் வாங்கிவிடலாம்.

"விளம்பரத்துல என்ன போட்டாரு? 'ரேஸ் டிராக் பக்கமே போகாத வண்டி'ன்னு. போகாத வண்டி இப்படியா வெடிக்கும்? முழுச் செலவையும் இவங்கதான் தரணும். இல்லேன்னா கோர்ட்டுல பாத்துக்கறேன்."

"நீங்க டிராக்ல ஓட்டினீங்களா சார்?"

"ஒரே ஒரு நாள். சும்மா போட்டோ எடுக்க. ஊர்வலம் போற வேகத்துல."

பின் டயர் இரண்டும் மொட்டையாகியிருந்தன. ஊர்வலம் போன டயராம். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டான்.

அந்தம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பணம் கிடக்கட்டும் தம்பி. அவர் பொய் சொன்னாரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. எனக்கு அதான் தெரியணும்."

"பாத்துடலாம்மா. வேகமாப் போறப்ப தப்பான கியர் விழுந்தா, என்ஜின் தாங்கற வேகத்துக்கு மீட்டர்ல போட்டிருக்கற சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சுத்தும். எத்தனாவது கிலோமீட்டர்ல தாண்டிச்சுன்னு வண்டியே குறிச்சு வெச்சிருக்கும்."

வக்கீல் முகம் மாறியது. "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா?"

மெக்கானிக் லேப்டாப்பை வண்டியோடு இணைத்தான். விற்றபோது ஓடியிருந்தது முப்பத்தோராயிரம் கிலோமீட்டர் என்று பேப்பரில் இருந்தது. கோடு தாண்டிய தடவைகளின் பட்டியல் வந்தது. முதல் ஆறும் முப்பத்தோராயிரத்துக்கு மேலே. அவனுக்கு மனசு குளிர்ந்தது.

கடைசியில் இன்னொன்று இருந்தது. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.

ஐயோ பாவம், அவரும் டிராக்கில் ஓட்டியிருக்கிறார். அவன் அந்தம்மாவை ஒரு பார்வை பார்த்தான். சட்டென்று லேப்டாப்பை மூடினான்.

"ஆறு தடவை சார். ஆறும் நீங்க வாங்கினப்புறம். நல்லா வேகமான ஊர்வலம்தான்."

"கம்ப்யூட்டர் சொல்றதெல்லாம் சாட்சி ஆகாது" என்று முணுமுணுத்தபடி வக்கீல் வாசல் பக்கம் நகர்ந்தார்.

செத்தவர் பேர் பிழைத்தது. தான் சொன்னது ஒரு சின்னப் பொய்தானே, போகட்டும் என்று மெக்கானிக் மூச்சு விட்டான்.

"நல்லாப் பாருங்க தம்பி" என்றார் டீச்சர். "ஏழு இருக்கணுமே."

வக்கீல் நின்றுவிட்டார். மெக்கானிக் திருதிருவென்று விழித்தான்.

"பன்னெண்டாயிரத்துக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கும். டிராக்ல இல்ல, மெயின் ரோட்டுல. அவர் எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தாரு. அஞ்சுலேர்ந்து நாலுக்கு மாத்தச் சொன்னா, நான் ரெண்டுல போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். மனுஷன் கடைசி வரைக்கும் வாயே திறக்கலை."

"அதனால ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. அதை விடுங்க."

"அதெப்படி விடறது?" டீச்சர் கைப்பையைத் திறந்தார். "செலவை ஏழாப் பிரிங்க தம்பி. ஒரு பங்கு என்னுது. மீதி ஆறு யாருதுன்னு சார் சொல்வாரு."