வயல் அ, வயல் ஆ

"கொண்டா, பாப்பம்" என்று ரெங்கசாமி ஒரு கையை நீட்டினார். இன்னொரு கையில் மூடி திறக்காத பூச்சிமருந்துப் பாட்டில் இருந்தது.

மகள் வானதி ரெக்கார்டு நோட்டைக் கொடுத்தாள். பிளஸ் ஒன் உயிரியல் பாடத்துக்காக எழுதியது. கடைசிப் பக்கத்தில் அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வேறு அப்பாவாக இருந்தால் என்ன ஏதென்று பார்க்காமல் கிறுக்கிக் கொடுத்திருப்பார்.

ரெங்கசாமி அப்படியில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டவனுக்குக் காணி மிஞ்சாது என்பது அவர் கட்சி. மளிகை ரசீதைக்கூட இரண்டு முறை படிக்கிறவர். அதை நம்பித்தான், அவர் மருந்தடிக்கும் டேங்கைத் தோளில் மாட்டுவதற்குள் வானதி வயலுக்கு ஓடிவந்தாள். படித்துவிடுவாரே என்று பயமாகவும் இருந்தது.

அவர் மோட்டார் கொட்டகை வாசலில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மாலதி டீச்சர் பிளாஸ்டிக் பைப்பை வெட்டி ஒட்டி ஒரு சதுரச் சட்டம் செய்து கொடுத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு அதை வயலில் எறிய வேண்டும். விழுந்த இடத்தில், சட்டத்துக்குள் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணி எழுத வேண்டும். பக்கத்துப் பக்கத்து வயல்கள் இரண்டில், ஐந்தைந்து முறை.

வயல் அ, அப்பாவுடையது. நட்ட ஐம்பது நாளில் மூன்று முறை மருந்து கண்டுவிட்ட சம்பா. இன்றைக்கு நான்காவது.

வயல் ஆ, வரப்புக்கு அந்தப் பக்கம், வைரக்கண்ணுவுடையது. அவருடைய அப்பா, ரெங்கசாமியின் அப்பாவிடம் கூலிக்கு இருந்தவர். மகன் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் வாங்கி, மருந்தே அடிக்காமல் விளைவித்துப் பார்க்கிறார்.

"வயலா வச்சிருக்கான்? மிருகக்காட்சி சாலைல்ல வச்சிருக்கான்" என்று ரெங்கசாமி டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். ஒரு யோசனை கேட்கவென்று அந்த வரப்பை அவர் மிதித்ததே இல்லை.

அட்டவணையில் பெயர் கிடையாது. வெறும் அ, ஆ.

ரெங்கசாமி விரல் வைத்துப் படித்தார். சிலந்தி, ஆ-வில் பத்தொன்பது, அ-வில் பூஜ்யம். தவளை, ஏழு, பூஜ்யம். நண்டு, தட்டான், பொறிவண்டு என்று வரிசையாக இறங்கியது விரல். அ-வுக்கு நேரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"‘அ’தானே நம்ம வயலு? பாத்தியா, ஒரு பூச்சி பொட்டு கெடையாது. தொடைச்சு வச்ச மாதிரி இருக்கு!"

வானதிக்கு அழுகையே வந்துவிட்டது. முட்டை மார்க்கை முழு மார்க்காக எடுத்துக்கொள்கிற மனுஷரிடம் என்னவென்று சொல்வது?

அட்டவணையின் கடைசி வரி அடுத்த பக்கத்தில் இருந்தது. இடம் போதாமல் இல்லை. அவள்தான் பயந்துகொண்டு அங்கே தள்ளியிருந்தாள்.

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

‘புகையான் பூச்சி. வயல் ஆ: நெற்குத்துக்கு இரண்டு. வயல் அ: குத்துக்கு அறுபதுக்கு மேல், எண்ணி முடியவில்லை.’

அதன் கீழே டீச்சர் விளக்கியதை எழுதியிருந்தாள். புகையானைத் தின்பது சிலந்தி. மருந்தில் முதலில் சாவது சிலந்தி. பயிரின் அடித்தூரில் ஒளிந்திருக்கும் புகையான் தப்பிவிடும், பிறகு தின்ன ஆளில்லாமல் பெருகும்.

புகையான் என்றாலே இந்த ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் பயம். தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிடும், பச்சைப் பயிர் ஒரே வாரத்தில் தீய்ந்துபோகும். வீட்டின் ஒரு வருஷச் சாப்பாடு அந்த வயலில்தான் நின்றுகொண்டிருந்தது.

ரெங்கசாமி எச்சில் தொட்டுப் பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு தலையைத் தூக்கித் தன் வயலின் மூலையைப் பார்த்தார். அங்கே முறத்தளவுக்கு ஒரு மஞ்சள் திட்டு. அதற்காகத்தான் நேற்று இந்தப் பாட்டிலை வாங்கி வந்தார்.

வானதி கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "நாந்தான் மாத்திப் பாத்துட்டேன். ‘ஆ’தான் நம்ம வயலு."

வானதி வாயைத் திறந்தாள். அவர் பேச விடவில்லை.

"இத்தனை சிலந்தி கெடக்குற வயலுக்கு மருந்து எதுக்குங்கறேன்? வேணாம், விடு."

பேனாவை வாங்கிக் குனிந்து எழுதினார். நோட்டை மூடிக் கொடுத்தார். பாட்டிலைக் கொட்டகைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது இதுதான் என்று நினைத்தாள் வானதி. சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மருந்து நின்றதே, அது போதும். ஆனால் தன் வயல் எதுவென்றே ஒப்புக்கொள்ளாதவர் அதை எப்படிக் காப்பாற்றப் போகிறார்?

ரெங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தன் வயலுக்குள் போகவில்லை. வரப்போடு நேரே போய், வைரக்கண்ணு மடை திறந்துகொண்டிருந்த இடத்தில் நின்றார். வைரக்கண்ணு மண்வெட்டியை நட்டுவிட்டு நிமிர்ந்தார். இரண்டு பேரும் பயிரோரம் குந்தி உட்காருவது இங்கிருந்தே தெரிந்தது.

வானதி நோட்டைப் பிரித்தாள்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் போட்டிருந்தாள். ‘வயல் ஆ உரிமையாளர்’ என்ற கட்டத்தில் வைரக்கண்ணு நேற்றுச் சாயங்காலமே கையெழுத்துப் போட்டிருந்தார், பட்டை பட்டையான எழுத்தில்.

அதற்கு மேலே, ‘வயல் அ உரிமையாளர்’ என்ற கட்டத்துக்குள், மை இன்னும் காயாமல் இருந்தது: கோ. ரெங்கசாமி.