கொடி ஏறாத காலை

அந்தக் கடலோர ஊரில் தனியாக வாழும் முதியவர்கள் தினமும் காலையில் வாசலில் மஞ்சள் கொடி ஏற்றுவார்கள். உயிரோடு, நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம். இன்று ஹிசாயோ வீட்டில் கொடி இல்லை. மூன்று வருடமாக எட்டிப் பார்க்காத மகன் யாசுஹிரோ, ஒசாகாவிலிருந்து ஓடி வந்தான்.

பக்கத்து வீட்டுத் தொமிகோ விடுவாளா?

“வழி ஞாபகம் இருக்கா தம்பி?”

“துறைமுகக் கேமரா படம் போன்லயே வரும், அதுல தினமும் கொடியைப் பார்ப்பேன், அக்கா. தெரிஞ்சா நிம்மதியா வேலைக்குப் போயிடுவேன். இன்னைக்குக் காணோம்.”

“என் தப்புதான். மக வீட்டுக்குப் போயிட்டு இப்பத்தான் வர்றேன். உங்கம்மாவுக்கு மறதி. செர்ரி பூத்ததுலேர்ந்து கொடியே ஏத்துறதில்ல. நீ பயந்துடுவியேன்னு தினமும் நான்தான் ஏத்துறேன்.”

பெருமையோடு அவளும் உள்ளே நுழைந்தாள்.

ஹிசாயோ நல்ல உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் மகனுக்குப் பிடித்த அயலை மீன் குழம்பு, இரண்டு கிண்ணம்.

“தினமும் ரெண்டு கிண்ணம் வைக்கிறா, பாவம்,” என்று தொமிகோ அவன் காதில் கிசுகிசுத்தாள். “முத்திப்போச்சு.”

ஹிசாயோ மகனுக்குச் சோறு போட்டாள்.

“எனக்கு மறதியெல்லாம் இல்ல, தொமிகோ. கொடி இல்லேன்னாதான் இவன் வருவான். ஆனா நீ அவ்வளவு அக்கறையா வந்து ஏத்தும்போது, வேண்டாம்னு எந்த முகத்தோட சொல்றது?”