வாய்க்காலில் இறங்கும் வண்டி

எழிலன் ஷோரூம் வண்டியின் பின் சீட்டை மடித்துவிட்டு, உள்ளே ஏறி மல்லாந்து படுத்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் பின்கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

"ஒரு ஆளு படுக்க முடியல. இதுக்குப் பன்னெண்டு பதிமூணு லட்சமா?" என்று படுத்தபடியே கத்தினான்.

"முன் சீட்டையும் சாய்ச்சிட்டா தாராளமா படுக்கலாம் சார்" என்றாள் வினோதினி. "கேம்பிங் போறவங்கல்லாம் அப்படித்தான் செய்றாங்க."

"தலை டிரைவர் பக்கத்துல வருமா?"

"வரும் சார்."

"வரட்டும்" என்று எழுந்து இறங்கினான். சட்டையில் ஒட்டிய தூசியைக்கூடத் தட்டவில்லை.

வினோதினி கடலூரில் மூன்று வருடமாக வண்டி விற்கிறவள். இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறாள். சனி, ஞாயிறானால் வண்டியைச் சேற்றில் இறக்குவது, அதை வீடியோ எடுத்துப் போட்டு லைக் எண்ணுவது. அதற்குத்தான் ஒரு மணி நேரமாக இந்த அதட்டல்.

"எலக்ட்ரிக்ல இதே மாதிரி சின்ன வண்டி வருதாமே, அது எப்படி?"

"அடுத்த வருஷம் வரும்னு பேசிக்கறாங்க சார். முன்னாடி ஒரு மோட்டார், பின்னாடி ஒரு மோட்டார். மிதிச்ச உடனே நாலு சக்கரமும் இழுக்கும்."

"வெயிட்டு?"

"பேட்டரி இருக்குல்ல சார், இதவிட நானூறு, ஐநூறு கிலோ ஜாஸ்தி இருக்கும்."

"அப்ப வெளங்கின மாதிரிதான்! எங்க ஊரு களிமண்ணுல அச்சு வரைக்கும் உக்காந்துடும். அப்புறம் எவன் வந்து தூக்குவான்?"

"ஆனா தண்ணிக்கு அது நல்லது சார். பெட்ரோல் வண்டியில காத்து போற வழியில தண்ணி ஏறிட்டா இன்ஜின் போச்சு. மோட்டாருக்கு அந்தத் தொல்லை கெடையாது."

அவன் கொஞ்சம் யோசித்தான். "தொடை வரைக்கும் தண்ணி நிக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

"அப்ப எலக்ட்ரிக் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுங்களேன்."

அவ்வளவுதான், மேசையில் ஓங்கி அடித்தான். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் பாலகுமார் எட்டிப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் வரைக்கும் வெயிட் பண்றதா? ஐப்பசி பொறந்து வீராணம் ஏரி ரொம்பிட்டா எங்க வாய்க்கால்ல கால் வைக்க முடியாது. அடுத்த வருஷத்துக்குள்ள எத்தன தடவ எறங்க வேண்டி வருமோ! உனக்கு என்னம்மா, ஏசியில உக்காந்துக்கிட்டுப் பேசுற."

வினோதினி பல்லைக் கடித்துக்கொண்டு பெட்ரோல் வண்டியின் சின்ன கியரைப் போட்டுக் காட்டினாள். "இதுல போட்டீங்கன்னா எவ்வளவு சேறானாலும் ஏறிடும் சார். என்னா, நடக்கற வேகத்துலதான் போகும்."

"நடக்கற வேகம் போதும். நடுவுல நின்னுடக் கூடாது, எனக்கு அது ஒண்ணுதான்." அவன் குரல் மறுபடி ஏறியது. "போன ஐப்பசியில எங்க அம்மாவ டிராக்டர்ல ஏத்திக்கிட்டு எறங்கினோம். நட்ட நடு வாய்க்கால்ல மாட்டிக்கிச்சு. மூணு மணி நேரம்மா! கொட்டுற மழையில மூணு மணி நேரம்!"

"ஐயோ! அம்மா பயந்துட்டாங்களா?"

"அவுங்க ஒண்ணும் சொல்லல."

வினோதினி விலைப்பட்டியலை எடுத்து அவன் முன்னால் வீசாத குறையாக வைத்தாள். வயசான மனுஷியை மழையில் உட்காரவைத்து, சேற்றில் வித்தை காட்டியிருக்கிறான். அந்த அம்மாள் பாவம், பிள்ளைக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். இவனுக்கெல்லாம் வண்டி ஒரு கேடா என்று நினைத்தாள்.

அவன் விலைப்பட்டியலைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் பேனாவால் கோடு இழுத்தான். "பாரு. இது எங்க தெரு. இது வாய்க்கால். அத தாண்டினா வயல். வயலத் தாண்டி இந்த மேடு. இங்க போய்ச் சேரணும். இந்த வண்டி போகுமா, போகாதா? அத மட்டும் சொல்லு."

"ஊர் பேர் சொல்லுங்க சார்" என்று செல்போனை எடுத்தாள். காட்டுமன்னார்கோயிலுக்கு அந்தப் பக்கம், சின்ன ஊர். மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தெரு, வாய்க்கால், வயல், மேடு எல்லாம் அவன் போட்டபடியே இருந்தன. கூடவே, அவன் போடாத ஒரு கோடும் இருந்தது.

அதைப் பார்த்ததும் ஒரு மணி நேரமாக அடக்கிவைத்த கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேனேஜர் பார்க்கிறார் என்பதைக்கூட மறந்துபோனாள்.

"என்னா சார் வெளையாடுறீங்களா? இதோ பெரிய தெரு வழியா தார் ரோடு போகுது. நேரா அந்த மேட்டுக்கே போகுது! சைக்கிள்ல போனாக்கூட அஞ்சு நிமிஷம். இத விட்டுட்டு, பெத்த அம்மாவ மழையில ஏத்திக்கிட்டு வாய்க்கால்ல எறங்கினீங்களா? உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கெடையாதா? இந்த ரோட்டுல போனா என்ன?"

ஷோரூமில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாலகுமார் அறைக் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார்.

எழிலன் செல்போனைத் தன் பக்கம் திருப்பினான். அதில் தெரிந்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, வந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"உசுரோட இருந்தா அந்தத் தெரு வழியா விடுவாங்கம்மா."